மணலில் விட்ட விரால்

சங்கரன்கோவிலுக்கு வடக்கே ஆற்று மணலுக்குள் முதல் விரால் நீந்தியது பங்குனி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. அன்று புளியங்குடிச் சந்தையில் எலுமிச்சை கிலோ நூற்றிருபது. விராலை விட்டவன் தாஹா.

வளைகுடாவில் பதினாறு வருஷம் படகோட்டியவன் அவன். அங்கே படகில் வரும் விருந்தாளிகள் தூண்டிலில் மீன் பிடிப்பார்கள், அளப்பார்கள், திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். அந்தக் கிறுக்கை ஊர் ஆற்றுக்கும் கொண்டுவந்தான். மீனின் வாய் கிழியாதிருக்கத் தூண்டில் கொக்கியின் எதிர்முள்ளை அரத்தால் ராவினான். பிடித்த விராலின் வாலில் துளி நறுக்கி அடையாளம் வைத்தான். கையை நனைக்காமல் மீனைத் தொடமாட்டான். காய்ந்த கை பட்டால் வழவழப்பு போய்ச் செத்துவிடும் என்பான். விடும்போது அதன் முகத்தை ஓட்டத்துக்கு எதிராக, மேற்கே வைத்துப் பிடித்திருந்து, அது தானாகத் துள்ளிய பிறகே கையை எடுப்பான். முட்டை மீனை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எல்லோரிடமும் கெஞ்சினான். அவன் மனைவி ரூபியா தலையில் அடித்துக்கொண்டாள். "பிடிக்கிய, பெறவு விடுதிய. அதுக்கு வீட்ல சும்மா கெடந்தா என்ன?"

முதல் வருஷம் வால் நறுக்கிய விரால் நானூறு. மழை பொய்த்த மறுவருஷம் அறுபது. அதற்கடுத்த பங்குனியில் ஆறே ஒரு கட்டில் அகலக் குட்டையாகிவிட்டது. அதில் ஒரே ஒரு விரால், வயிறு நிறைய முட்டையும் வாலில் ஏழு நறுக்குமாகக் கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றி, குளங்கள் வெடித்துக் கிடந்தன. திட்டிய ரூபியாவே சமையலுக்கு வைத்திருந்த கடைசிக் குடத்தைத் தூக்கிக் கொடுத்தாள். குட்டை அதையும் குடித்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் சேறும் காய்ந்தது. தூண்டில் கூட்டாளி இசக்கித்துரை சாக்கோடு வந்தான். "அண்ணாச்சி, சாவப்போற மீனை வச்சுக்கிட்டு என்ன செய்யப்போறிய? கொழம்புக்காவது ஆவட்டும்." இந்த ஆற்று விரால் இனமே இந்த ஒரு வயிற்றில்தான் மிச்சம். தூக்கவும் வழியில்லை, கை நனைக்க ஒரு சொட்டு கிடையாது. மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. தாஹா வாய்விட்டு அழுதான்.

மதியத்து லுஹர் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. முகம் கைகால் கழுவி ஒளு செய்யத் தண்ணீர் இல்லாத இடத்தில் சுத்தமான மண்ணே போதும் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்திருந்தார்கள். மணலில் உள்ளங்கைகளைத் தட்டி முகத்தையும் கைகளையும் தடவினான். தொழுது முடித்து, வேறு வழி தெரியாமல், அந்தக் கையாலேயே மீனைத் தூக்கினான். வழவழப்பு கொஞ்சமும் கையில் ஒட்டவில்லை. மேற்கே முகம் வைத்து மணல்மேல் பிடித்திருந்தான். விரால் துள்ளியது; கையை எடுத்தான். மணல் விலகி, மூடிக்கொண்டது. இசக்கித்துரை சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

மழை இன்னும் பெய்யவில்லை. ஆனி மாதம் மணலில் குஞ்சுகள் கூட்டமாகச் சுழித்தன. தூண்டில்காரர்கள் இப்போது மணலில் கை தட்டிவிட்டுத்தான் மீனைத் தொடுகிறார்கள். ஆற்றைக் கடப்பவர்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டு, குஞ்சு மிதிபடாமல் பார்த்து நடக்கிறார்கள். வீட்டில் குடம் காலியாகத்தான் இருக்கிறது. சாயங்காலம் தாஹா வாசலில் காலில் ஒட்டிய மணலைத் தட்டும்போது ரூபியா உள்ளிருந்தே கேட்கிறாள்: "இன்னைக்கு எத்தன விட்டிய?"