நந்தித் திருப்பத்தில் நூறு குதிரைகள்

மைசூரு மாநகரத்துப் பொதுமக்களுக்கும், போக்குவரத்துக் காவலர்களுக்கும், சாமுண்டி மலைக் குரங்குகளுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: யாதவகிரி வாசியும், ஹெப்பாள் தொழிற்பேட்டையில் சொட்டுநீர்க் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றின் துணைப் பொது மேலாளராக அண்மையில் உயர்த்தப்பட்டவருமான திருவாளர் பாலசந்திரன் அவர்கள், 2016ஆம் ஆண்டு தசராவை முன்னிட்டு, இரண்டு டீசல் கார்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் திருவுளம் கொண்டிருந்தார்.

காரைக் கம்பெனி கொடுக்கிறது. தேர்ந்தெடுக்கும் பாரம் மட்டும் அவருடையது. ஆயுத பூஜைக்குள் சொல்லிவிடுங்கள் சார் என்று நிர்வாகப் பிரிவு கேட்டிருந்தது. அன்றைக்குத் தொழிற்சாலை வாசலில் ஃபோர்க்லிஃப்ட் முதல் முதலாளியின் கார் வரை வரிசையாக நிறுத்தி, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைப்பார்கள். அந்த வரிசையில் துணைப் பொது மேலாளரின் இடம் மட்டும் காலியாக இருந்தால் நன்றாக இராது.

அவருடைய பதவிக்குரிய விலையில் பெரிய டிக்கி வைத்த, சம்பந்தி வீட்டுக்குப் போவதற்கென்றே செய்ததுபோன்ற கார்களும் இருந்தன. பாலசந்திரன் அவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வால் குட்டையான, வேகத்துக்குப் பேர்போன இரண்டை எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்று ஜெர்மன், நீலம். மற்றது இத்தாலி, சிவப்பு. இரண்டும் ஏறக்குறைய நூறு குதிரை சக்தி. ஒரு மாதமாக இணையத்தில் படித்துப் படித்து, எஞ்சினின் முறுக்கு விசையான டார்க் என்ற சொல்லை அவர் நாமாவளி மாதிரி சொல்லத் தொடங்கியிருந்தார்.

"அதெல்லாம் சரி பாலு, லிட்டருக்கு எவ்ளோ கொடுக்கும்?" என்றார் கணக்குப் பிரிவு சுதர்ஷன், கேன்டீனில் மோர் சாதத்தைப் பிசைந்தபடி.

"சுதர்ஷன், இது பசு மாடு இல்லை. ஸ்போர்ட்ஸ் கார்."

"சரிப்பா, கோவிச்சுக்காதே. இருந்தாலும் எவ்ளோ கொடுக்கும்?"

டீசலும் கம்பெனி டீசல். ஆனாலும் மனிதர்கள் இதைக் கேட்காமல் விடுவதில்லை.

டார்க் என்பது வெளியே சொல்லிக்கொள்ளும் காரணம். உள்ளே இருந்தது வேறு. அது தொண்ணூற்று மூன்றாம் வருஷத்து மெரூன் நிற யெஸ்டி மோட்டார் சைக்கிள். இரண்டு சைலன்சர். உதைத்துக் கிளப்பிய அதே லிவரை மடக்கினால் அதுவே கியராகிவிடும் விசித்திரப் பிறவி. இதே யாதவகிரித் தொழிற்சாலையில் பிறந்த வண்டி என்பதால் பாலசந்திரனுக்கு அதன்மேல் பங்காளிப் பாசம். ரயில்வேயில் இருந்த அப்பா அதைப் பார்த்து, "இது எப்போ தடம் புரளும்?" என்று மட்டும் கேட்டார்.

கல்யாணமான புதிது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஹம்ஸா புடவையோடு பக்கவாட்டில் உட்கார்ந்து, அவர் தோளில் ஒரு கை வைத்துக்கொள்வாள். சாமுண்டி மலைச் சாலையில், பெரிய நந்தி சிலைக்கு வழி பிரியும் திருப்பம் வந்ததும் அந்தக் கை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும். காதோரம் ஒரு குரல்: "மெதுவா... ஏன்னா, ஸ்வல்ப மெதுவாப் போங்கோ." அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்பதற்காகவே அடுத்த திருப்பத்தில் அவர் இன்னும் முறுக்குவார். மேலே போய்க் காகிதப் பொட்டலத்தில் சுருமுரி என்ற காரப்பொரி வாங்கிக்கொண்டு, கீழே அரண்மனை விளக்குகள் எரியக் காத்திருப்பார்கள். விளக்குகள் ஒரே நொடியில் எரியும். ஒவ்வொரு வாரமும் ஹம்ஸா, புதிதாகப் பார்ப்பவள்போல, "ஹா" என்பாள்.

மகள் அனகா பிறந்ததும் யெஸ்டி போய் ஒரு குட்டிக் கார் வந்தது. ஹம்ஸா ஓட்டக் கற்றுக்கொண்டு அதிலேயே பேங்க் வேலைக்குப் போனாள். பாலசந்திரன் கம்பெனி பஸ்ஸில் போனார். ஞாயிற்றுக்கிழமைகள் காய்கறிக்கும் டியூஷனுக்கும் போயின. மெதுவா என்று அவரிடம் யாரும் சொல்லி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

ஆகவே தேர்வு முறை எளிது. இரண்டு வண்டிகளையும் மலையில் ஏற்றுவது, ஹம்ஸாவைப் பக்கத்தில் உட்கார வைத்து. எந்த வண்டியில் அவள் மெதுவா என்கிறாளோ அதுவே கம்பெனி கார். இதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் தேர்வு செல்லாது.

முதல் சனிக்கிழமை சிவப்பு. விற்பனைக்கார மகேந்திரன் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். அவர்கள் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நீங்க தமிழுங்களா! நமக்கு மார்டள்ளிங்க சார், எல்லைப் பக்கத்துத் தமிழ் ஊருங்க. தைரியமா மிதிங்க, சும்மா பறக்குமுங்க."

பறக்கவில்லை. சயாஜிராவ் சாலையில் தசரா யானைகளின் ஒத்திகை நடந்து கொண்டிருந்தது. நூறு குதிரைகளும் அரை மணி நேரம் யானைகளின் பின்புறத்தைத் தரிசித்தபடி ஊர்ந்தன.

"ஏசி எப்படி இருக்குதுன்னு பாருங்க சார்," என்றார் மகேந்திரன்.

ஒருவழியாக மலை வந்தது. பாலசந்திரன் முதுகை நிமிர்த்தி, கியரைக் குறைத்து, மிதித்தார். எஞ்சின் உறுமியது. ஓரக்கண்ணால் பார்த்தார். ஹம்ஸா பெங்களூரில் இருக்கும் அனகாவோடு போனில் இருந்தாள். "குக்கர் ரப்பரா? மேல் தட்டுல, இடது பக்கம். இல்லடி, உன் இடது பக்கம்."

நந்தித் திருப்பம் வந்தது. பாலசந்திரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒடித்தார்.

"ஏன்னா..." என்றாள் ஹம்ஸா.

அவருக்கு நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளியது.

"...மேலே போனதும் அந்தப் பூக்காரி கிட்ட நிறுத்துங்கோ."

பூக்காரியிடம் நிறுத்தினார். அங்கேதான் மைசூரில் பிறந்து வளர்ந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தத் தவறு நடந்தது. ஹம்ஸா ஒரு முழ மாலையும் எலுமிச்சம்பழமும் தேங்காயும் வாங்கி, வண்டி பூஜை செய்யும் அர்ச்சகரைக் கையோடு கூட்டி வந்துவிட்டாள். பாலசந்திரன் காரை விட்டு இறங்குவதற்குள் பானெட்டில் குங்குமம் ஏறியிருந்தது.

"ஹெசரு? நக்ஷத்ரா?" என்று அர்ச்சகர் கேட்க, ஹம்ஸா கணவனின் பெயரையும் பூரட்டாதியையும் சொல்லிக் கொண்டிருந்தாள்.

"ஹம்ஸா! இது நம்ம வண்டி இல்லை. ஓட்டிப் பார்க்கிற வண்டி!"

"இருக்கட்டுமே. புது வண்டில மலைக்கு வந்துட்டு, அம்மனுக்குக் காட்டாமத் திரும்பினா நன்னாவா இருக்கும்?"

மகேந்திரன் அசையவில்லை. "விடுங்க சார். மேடம் மட்டுமில்லீங்க, எல்லாரும் இதேதான் பண்றாங்க. இந்த வண்டிக்கு இது ஆறாவது பூஜைங்க. எங்க ஷோரூம்லயே அதிகப் புண்ணியம் சேர்த்த வண்டி இதுதானுங்க."

திரும்பி வரும்போது ஹம்ஸா முடிவாகச் சொன்னாள். "நக்ஷத்திரம் சொல்லி ஆச்சு. இனிமே இதுதான். மாத்தப்படாது."

பாலசந்திரன் மாற்றுவதாகத்தான் இருந்தார். அடுத்த சனிக்கிழமை நீல வண்டியை ஓட்டிப் பார்க்க வாங்கி வந்தார். அந்த ஷோரூமில் தசரா நெருக்கடி. கம்பெனி பெயரைச் சொன்னதும் சாவியைக் கையில் கொடுத்து, சாயங்காலம் கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

"கோயில் வரைக்கும் போகப்படாது," என்றாள் ஹம்ஸா ஏறும்போதே. "ஒண்ணைக் காட்டிட்டு இன்னொண்ணைக் கொண்டுபோய் நிறுத்தினா அவ என்ன நினைச்சுப்பா? பாதி வழியில ஊர் தெரியற இடத்தோட திரும்பிடணும்."

இந்த முறை போன் இல்லை, யானை இல்லை, மகேந்திரனும் இல்லை. பாலசந்திரன் தன்னிடம் மிச்சமிருந்த வாலிபம் முழுவதையும் வலது காலில் இறக்கினார். திருப்பத்துக்குத் திருப்பம் ஸ்டியரிங்கைச் சுழற்றினார். நந்தித் திருப்பத்தில் டயர் லேசாகக் கீச்சிட்டதாகக்கூட அவருக்குத் தோன்றியது. பக்கத்தில் சத்தமே இல்லை. பயத்தில் வாயடைத்துப் போய்விட்டாளோ என்று திரும்பிப் பார்த்தார்.

ஹம்ஸா தலையைச் சாய்த்துத் தூங்கிக் கொண்டிருந்தாள்.

ஊர் தெரியும் இடத்தில் நிறுத்தினார். அவள் கண் விழித்தாள்.

"வந்தாச்சா? நன்னா இருக்கு இந்த வண்டி. தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி."

"தொட்டிலா? உனக்கு பயமா இல்லையா?"

"எதுக்கு?"

"எதுக்கா? வேகத்துக்கு!"

ஹம்ஸா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். விளையாடவில்லை என்று தெரிந்தது. குரலைத் தணித்துக்கொண்டாள். "ஏன்னா, அடிவாரத்துல ஒரு ஆட்டோ நம்மளத் தாண்டிப் போச்சே, பார்க்கலையா? மூணு பேர், ரெண்டு கூடை சாமந்தி. அதுக்கப்புறம்தான் எனக்குத் தூக்கமே வந்தது. நீங்க முப்பத்தஞ்சுலதானே வரேள்?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே ரேஸ் கோர்ஸும் காரஞ்சி ஏரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. "முன்னெல்லாம் மெதுவான்னு சொல்லுவே," என்றார்.

"எப்போ?"

"யெஸ்டில. நந்தி கிட்ட."

ஹம்ஸா சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை அது. "அதுக்காகவா ரெண்டு சனிக்கிழமையா என்னை மலைக்கு ஏத்தறேள்? அந்த வண்டில நெஜம்மாவே எனக்கு உசிர் போயிண்டிருந்தது. புடவை சக்கரத்துல மாட்டிக்குமோன்னு ஒரு பக்கம், நீங்க பள்ளத்துல விட்டுடுவேளோன்னு ஒரு பக்கம்."

"அப்ப உனக்குப் பிடிக்கவே இல்லையா?"

"பிடிக்கலைன்னு யார் சொன்னா? ஞாயித்துக்கிழமையானா, கிளம்புங்கோ கிளம்புங்கோன்னு உங்களைத் தூக்கத்துல எழுப்பினது யார்? நான்தானே!"

அது பாலசந்திரனுக்கு நினைவில்லை. இருபத்துமூன்று வருஷமாக அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத் தான் ஒருவரே நடத்தியதாக எண்ணியிருந்தார்.

"சாவியைக் கொடுங்கோ," என்றாள் ஹம்ஸா.

பேங்குக்குப் பத்து மணிக்குள் போய்ச் சேரவேண்டி, தேவராஜ மொஹல்லா நெரிசலில் சுமைவண்டிக்கும் மாட்டுக்கும் நடுவே தினமும் புகுந்து புறப்பட்டவள் அவள். புடவை முந்தானையைச் செருகிக்கொண்டு ஒரு தரம் கியரை ஆட்டிப் பார்த்தாள். அப்புறம்தான் அந்த நூறு குதிரைகளுக்கும் தாங்கள் எதற்காகப் பிறந்தோம் என்பது தெரிந்தது. முதல் திருப்பத்தில் பாலசந்திரன் கைப்பிடியைத் தேடினார். இரண்டாவதில் கண்டுபிடித்தார். நந்தித் திருப்பத்தில் அவருடைய இன்னொரு கை தானாகப் போய் அவள் தோளைப் பற்றியது.

"மெதுவா! ஹம்ஸா, மெதுவா!"

"என்ன சொன்னேள்? காதுல விழலை!"

"ஸ்வல்ப மெதுவாப் போ, ஹம்ஸா!"

அடிவாரத்தில் வண்டியைத் திருப்பி மறுபடி மேலே ஏற்றினாள். ஊர் தெரியும் இடத்தில் ஒருவன் சுருமுரி விற்றுக்கொண்டிருந்தான். பொட்டலம் அப்படியேதான் இருந்தது, காரம் மட்டும் கூடியிருந்தது. தசரா விளக்குகள் ஒரே நொடியில் எரிந்தபோது, "ஹா" என்றவர் பாலசந்திரன்.

எந்த வண்டி என்பதில் பிறகு பேச்சு எழவில்லை. பூரட்டாதி சொல்லிப் பூஜை நடந்தது சிவப்புக்கு. ஓட்டப்போவது ஹம்ஸா என்றால் எதுவானால் என்ன என்று அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஆயுத பூஜையன்று தொழிற்சாலை வாசலில் சிவப்பு வண்டி வாழைக்கன்றோடு நின்றது. பூசணிக்காய் உடைந்தது, எலுமிச்சம்பழம் நசுங்கியது, சாவி பாலசந்திரன் கைக்கு வந்தது. கூடவே நிர்வாகப் பிரிவின் வாழ்த்தும் ஒரு விதியும் வந்தன. கம்பெனி காரைக் கம்பெனி ஊழியர் மட்டுமே ஓட்டவேண்டும். குடும்பத்தினர் பக்கத்தில் உட்காரலாம்.

"நான் தூங்கிடுவேனே," என்றாள் ஹம்ஸா, விஷயத்தைக் கேட்டதும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் அந்தப் பழைய குட்டிக் காரில்தான் மலைக்குப் போகிறார்கள். ஏறும்போது அதற்கு மூச்சு வாங்குகிறது. இறங்கும்போது பாலசந்திரன் மெதுவா என்கிறார், ஹம்ஸா கேட்பதில்லை. வாரம் முழுக்கப் பாலசந்திரனைக் கம்பெனிக்குச் சுமக்கும் சிவப்பு வண்டி அன்றைக்கு உறை போர்த்தி யாதவகிரி வீட்டு வாசலில் நிற்கிறது.

லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கிறது.