அரை நொடி முந்திய குரல்

நான் லேசில் யாருக்கும் நன்றி சொல்கிற ஆள் இல்லை. டீ வாங்கித் தந்தவனிடமே சர்க்கரை கம்மி என்று குறை சொல்கிற ரகம். அப்படிப்பட்டவன் ஒரு தையல் கடையைத் தேடி மூன்று பஸ் மாறிப் போனேன் என்றால், விஷயம் சாதாரணமானது இல்லை.

என் வேலை பீட் செய்வது. பழைய பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அடியில் தாளம் சேர்த்து, மேலே ஒருவர் ராப் பாட வாகாகக் கொடுப்பேன். எந்தத் துண்டை எடுப்பது என்பதில்தான் மொத்தச் சூட்சுமமும் இருக்கிறது. ஊரே முணுமுணுக்கும் பல்லவியைத் தொட மாட்டேன். அதை எடுக்க மூளை தேவையில்லை. பாடகர் மூச்சு வாங்கும் இடம், புல்லாங்குழல் ஓய்ந்து வயலின் இன்னும் வராத இடம் என்று மூலைமுடுக்குகளில்தான் துழாவுவேன்.

ஆறு மாதம் துழாவியும் ஒன்றும் தேறவில்லை. செய்ததெல்லாம் சப்பென்று இருந்தது. ராப் பாடும் என் நண்பனுக்குக் குக்கர் என்று பெயர். நாலு வரிக்கு ஒரு விசில் அடிக்காமல் அவனால் பாட முடியாது. கேட்டுவிட்டு "நல்லாருக்குடா" என்றான். அவன் திட்டினால் பரவாயில்லை, நல்லாருக்கு என்றால் கதை முடிந்தது என்று அர்த்தம். வெறுத்துப்போய், அக்கா வீட்டுக்காரரின் அச்சகத்துக்குத் திங்கட்கிழமை முதல் வேலைக்கு வருவதாக அவரிடமே சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அது சிக்கியது. முப்பது வருஷத்துப் பழைய பாட்டு. பெரிய பாடகி ஒரு வரியை முடிக்கிறார். ஒரு சின்ன இடைவெளி. அதன் பிறகு கோரஸ் பெண்கள் நான்கு பேரும் சேர்ந்து ஹம்மிங் எடுக்க வேண்டும். ஆனால் அந்த இடைவெளியிலேயே ஒரே ஒரு குரல், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, அரை நொடி முன்னால் தனியாக வந்து விழுகிறது. மற்ற மூவரும் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

எங்கள் தொழிலில் கை சும்மா இருக்காது. திரையில் தாளம் கட்டம் கட்டமாகத் தெரியும்; கட்டத்துக்கு வெளியே எது நின்றாலும் பிடித்து உள்ளே தள்ளிவிடுவோம். அந்தக் குரலையும் தள்ளினேன். மூச்சுச் சத்தத்தையும் துடைத்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தது, உயிர்தான் இல்லை. செய்த புத்திசாலித்தனத்துக்கு என்னை நானே திட்டிக்கொண்டு, பழையபடியே வைத்து ஓடவிட்டேன். குக்கர் கேட்டான். நல்லாருக்கு என்று சொல்லவில்லை. "இன்னொரு தடவ போடு" என்றான். திங்கட்கிழமை நான் அச்சகத்துக்குப் போகவில்லை.

பாட்டுக் கம்பெனி எழுத்துமூலம் அனுமதி கொடுத்தது. "அப்புறம் என்ன, வெளியிட்டுருவோம்" என்றான் குக்கர். எனக்கு மனசு ஒப்பவில்லை. என்னைக் கரை சேர்த்த குரல் யாருடையது என்றே தெரியாமல் எப்படி வெளியிடுவது? கேசட் அட்டையில் 'குழுவினர்' என்றுதான் இருந்தது. "அந்தம்மா வேணாம்னு சொன்னா இந்தப் பாட்டே கிடையாது" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். அந்தப் பாட்டுக்குத் தபேலா வாசித்தவரைப் போனில் பிடித்தபோது அவர் சிரித்தார். "அந்த அவசரக்காரியா? இப்ப தையல் கடை வெச்சிருக்கு."

கடை, மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இருந்தது. கழுத்தில் டேப் தொங்க, அந்தம்மா மெஷினில் ஒரு ஸ்கூல் யூனிஃபார்மை ஓட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். விஷயத்தைச் சொல்லி ஹெட்போனை நீட்டினேன். மாட்டிய வேகத்தில் கழற்றிவிட்டார்.

"தம்பி, இது தப்பாப் பாடுனது. தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அன்னைக்குக் கடைசி டேக். பெரிய பாடகியம்மா வேற ரெக்கார்டிங்குக்குக் கெளம்பிட்டாங்க. மறுபடி எடுக்க நேரமில்ல. யாரும் ஒரு வார்த்த திட்டல. ஆனா அதுக்கப்புறம் என்னைய யாருமே கூப்பிடல." நூலைப் பல்லால் கடித்தார். "இத எத்தன தடவ போட்டிருக்கீங்க?"

"முப்பத்திரண்டு."

"ஒரு தடவ செஞ்சதுக்கே பொழப்பு போச்சு. நீங்க முப்பத்திரண்டு தடவ போடப் போறீங்க. வேணாம் தம்பி. எடுத்துருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிடித்து விழுங்கினேன். "அக்கா, ஆறு மாசமா ஆயிரம் பாட்டு கேட்டேன். எல்லாரும் சரியாத்தான் பாடியிருக்காங்க. ஒண்ணும் என்னை அசைக்கல. இதக் கேட்டப்புறம்தான் தொழில விட வேணாம்னு தோணிச்சு. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். நீங்க வேணாம்னா எடுத்துடறேன்." முப்பத்திரண்டையும் அழித்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் எழுந்து ஃபேனை அணைத்தார். "போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. இப்ப சரியாப் பாடித் தரேன். அதப் போட்டுக்கங்க. தப்பு மட்டும் வேணாம்."

சரியாக வந்தால் அது செத்துப்போகும் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல மனம் வரவில்லை. போனை மேஜைமேல் வைத்து, ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதிலும் மறுபக்கத்தை என் காதிலும் வைத்து லேப்டாப்பில் பாட்டை ஓடவிட்டேன். அவர் கண்ணை மூடி, விரலால் மேஜையில் தட்டி எண்ணினார். வரி முடிந்தது. இடைவெளி வந்தது. மூச்சை இழுத்தார், பாடினார்.

அரை நொடி முன்னால்.

அவருக்கே தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார். "இன்னொரு தடவ" என்றார். போட்டேன். மறுபடியும் அதே அரை நொடி. மூன்றாவது முறை பாடும்போதே சிரிப்பு வந்து, மெஷின்மேல் கவிழ்ந்து குலுங்கினார். நானும் சிரித்தேன். நிமிர்ந்தபோது அவர் கண் நனைந்திருந்தது.

"அது தப்பே இல்ல போலருக்கு தம்பி. நானே அப்பிடித்தான்."

"ஆமாக்கா."

"சரி, பழசே இருக்கட்டும். முப்பத்திரண்டும்."

வாய் நிறைய நன்றி சொன்னேன். என் ஆயுளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும். அட்டையில் போடப் பெயர் கேட்டேன். அளவு எழுதும் சீட்டைக் கிழித்து, பென்சிலால் நிதானமாக எழுதிக் கொடுத்தார். வாங்கிப் பையில் வைக்கப் போனவனைக் கூப்பிட்டு, சீட்டைத் திரும்ப வாங்கி, ஒரு தடவை படித்துப் பார்த்தார்.

"இனிஷியலோட போடு" என்றார்.