காரப்பொடியின் வயது

வலைக்கூடத்தில் இருந்தவர்கள்: ஊர்த் தலைவர் கணேசன், என் அக்கா புருஷன் திருமலை மாமா, மீனை ஏலம் விடும் பச்சையம்மா, கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் நைட் ஷிப்ட் வேலையையே விட்டுவிட்டு வந்த நான். நடுவில், காலையில் மாமா பிடித்த ஒரு கூடை மீன். மூலையில் அவர் வலை.

எங்கள் குப்பத்தில் மீன்குஞ்சு பிடித்தவன் வலை பொங்கல் வரை இந்த அறைக்குள்தான் கிடக்கும். மாமாவிடம் வேறு வலை இல்லை. அவர் படகில் ஏற வந்த எனக்கும் வேறு வேலை இல்லை.

“இது பெரிய காரையோட குஞ்சு. கட்டைவிரல் நீளம்தான் கீது,” என்றார் கணேசன்.

“இது காரப்பொடி, தலைவரே. வேற சாதி. அது வளந்ததே அவ்ளோதான். உங்க பையன் மீசை வச்சிக்கினு உங்க தோளு வரைக்கும்தான் கீறான். அவன் இன்னா சின்னப் புள்ளையா?” என்றார் மாமா.

பச்சையம்மா சிரித்தாள். கணேசன் சிரிக்கவில்லை.

“குஞ்சுக்குச் சினை இருக்காது. இருந்தா வலைய எடுத்துக்கினு போ. இல்லன்னா உள்ளதான்.”

நகத்தால் வயிற்றைக் கீறினேன். முட்டை இல்லை. அடுத்ததிலும் இல்லை. கீறிக்கொண்டே போனேன்.

மீன் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. காரப்பொடிக்கு ஆயுசே கொஞ்சம். அதற்குள் வளர்ந்து, முட்டை விட்டு, முடிந்துபோகும். சினைப் பருவம் இப்போதுதான் தொடங்குகிறது. கூடைக்கு ஒரு பிடி சினை மீனாவது தேற வேண்டும். அந்த ஒரு பிடியை யார் எடுத்தது? ஏலத்துக்கு முன்னால் குழம்புக்கு ஒரு பிடி எடுப்பது பச்சையம்மாவின் உரிமை.

“சித்தி, உன் பங்கு எங்க?”

“ஏன்டா, என் கொழம்பு மேல உனக்கு இன்னா கண்ணு?”

“வயிறு தடிச்சதா பாத்துப் பொறுக்குவ இல்ல. காட்டு.”

“எல்லாரும்தான் பொறுக்குறாங்க,” என்று முனகிக்கொண்டே இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் கவரை நீட்டினாள்.

ஒன்றை அழுத்தினேன். மஞ்சளாக முட்டை பிதுங்கியது. கணேசன் தானே இன்னும் இரண்டை அழுத்தினார். பிறகு கூடை மீன் ஒன்றை எடுத்து, கவர் மீன் பக்கத்தில் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். ஒரே நீளம், ஒரே வாய், ஒரே சாதி. கையை லுங்கியில் துடைத்தார்.

“எடுத்துக்கினு போ.”

“தலைவருக்கும் ஒரு கிண்ணம் கொழம்பு குடு யக்கா,” என்றார் மாமா.

“எல்லாத்தையும் நசுக்கிட்டு, கொழம்பு வேற கேக்குதா?”

வலையை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு கடலைப் பார்த்து நடந்தோம். பச்சையம்மா திட்டிக்கொண்டே கடைசியாக வெளியே வந்தாள். அவள் பின்னால் கணேசன் கதவைச் சாத்திப் பூட்டினார்.