பட்டினி போட்ட பேட்டரி

மூன்று சக்கர பேட்டரி வண்டியை நேற்று மெக்கானிக் கடையில் விட்டுவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இள வயதிலேயே ஒரு கால் போனவர். பாலத்துக்கு அந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறார். கொஞ்ச நாளாக விடிந்த பிறகும் சார்ஜரில் பச்சை வராமல் சிவப்பு விளக்கே எரிந்தது. வேலை முடிந்து திரும்பும்போது வண்டி பாதி வழியில் படுத்துவிடும். யாராவது தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விடுவார்கள்.

"பேட்டரி போயிடுச்சுன்னா முதலாளிகிட்ட வேலையை விட்டுடறேன்னு சொல்லிடப் போறேன். தினம் ஒருத்தர் தள்ளித்தான் நான் வீடு வரணும்னா, அந்தப் பொழப்பே வேண்டாம்" என்றார்.

பேட்டரிக்கு ஒன்றுமில்லை என்பது மனைவிக்குத் தெரியும். அவர் கண்ணயர்ந்ததும் சார்ஜரைப் பிடுங்குவதும், அவர் எழுவதற்குள் மறுபடி செருகுவதும் அவள்தான். வண்டி ஓடும் தூரம் குறைந்தால் பாலத்தைத் தாண்டாமல் இந்தப் பக்கமே ஏதாவது வேலை தேடிக்கொள்வார் என்று கணக்குப் போட்டிருந்தாள். ஒரேயடியாக வீட்டில் உட்காரத் துணிவார் என்று நினைக்கவில்லை.

சாயங்காலம் இருவரும் மெக்கானிக் கடைக்குப் போனார்கள். அங்கே ஒரு பலகையில் வரிசையாகப் பல்புகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு மின்சாரம் அவர்கள் வண்டியின் பேட்டரியிலிருந்து போய்க்கொண்டிருந்தது.

"வாங்கண்ணே! உங்க சார்ஜர்லயே முழுசா ஏத்தி, காலையிலேர்ந்து எரிய விட்டிருக்கேன். எனக்குத்தான் கண்ணு கூசுது, அது அணைய மாட்டேங்குது" என்றார் மெக்கானிக். "பேட்டரி கல்லு மாதிரி இருக்கு. கோளாறு உங்க வீட்டு கரெண்ட்லதான். நாளைக்கு வந்து பிளக்கைக் கழட்டிப் பார்க்கறேன்."

"வேண்டாம் தம்பி" என்றாள் அவள். "கரெண்ட்ல ஒண்ணுமில்ல. நான்தான் பிடுங்கிவிடறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "நீயா?"

"மழையன்னிக்குப் பாலத்து ஏத்தத்துல வண்டி பின்னால உருண்டு, லாரிக்காரன் பிரேக் போட்டதால தப்பிச்சீங்களாமே. உங்க கடையில கூட வேலை பார்க்கற அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீங்க என்ன சொன்னீங்க? சட்டையில சேறு தெறிச்சுடுச்சுன்னீங்க."

அவர் வண்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். "வண்டியும் என்னை மாதிரியே ஆயிடுச்சுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டி" என்றார்.

மெக்கானிக் குறுக்கிட்டார்.

"ஏன்க்கா, பல்லு வலிச்சா காதைப் பிடுங்குவாங்களா? உருண்டா அது பிரேக் சமாச்சாரம். ஏத்தத்துல நின்னா அப்படியே பிடிச்சுக்கற மாதிரி பிரேக்குல ஒரு பூட்டு இன்னிக்கே வெச்சுத் தரேன். பாவம், பேட்டரியைப் போய் பட்டினி போட்டிருக்கீங்களே!"

கணவர் செல்போனை எடுத்தார்.

"முதலாளி, நான்தான். நாளைக்கு வரேன். பாலத்துல நிறுத்தி நிறுத்தி பிரேக்கைப் பார்த்துட்டு வருவேன், கொஞ்சம் லேட்டாகும். வீட்டுக்காரியும் கூட வரா."

"நான் எப்ப வரேன்னு சொன்னேன்?"

"நீ என்னைக் கேட்டுட்டா பிடுங்கினே?"

அவள் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெக்கானிக் பக்கம் திரும்பினாள்.

"ஏன் தம்பி, பின்சீட்டுல பிடிச்சுக்கறதுக்கு ஒரு கம்பி வெச்சுத் தர முடியுமா?"