தாய்மாமன் கைதான விடுமுறை

மைசூர் ஹெப்பாளில் பம்பு செய்கிற கம்பெனி ஒன்றில் கவின்ராஜுக்குப் பதினோரு வருஷ சர்வீஸ். அத்தனை வருஷத்தில் அறிவிப்புப் பலகையைப் பார்த்து அவன் சிரித்தது ஒரே ஒரு தடவைதான். செப்டம்பரில் ஒரு நாள் மைசூருக்கு உள்ளூர் விடுமுறை என்று அதில் ஒட்டியிருந்தார்கள். நாடு சுதந்திரம் வாங்கிய பிறகும் இங்கே அரண்மனை ஆட்சியே நடந்ததைப் பொறுக்காமல், நாற்பத்தேழில் சனங்கள் 'மைசூர் சலோ' என்று கிளம்பி மக்களாட்சியை வாங்கினார்கள் அல்லவா, அந்தக் கலகத்தின் நினைவாக லீவு. கவின்ராஜுக்குச் சரித்திரம் அவ்வளவாகத் தெரியாது. அன்றைக்கு ஆவணி முகூர்த்தம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அவன் தங்கை தாரணியை ஹனூரில் கட்டிக்கொடுத்திருந்தது. அவளுடைய மூன்று வயதுப் பெண்ணுக்கு மாதேஸ்வரன் மலையில் மொட்டை போட வேண்டும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்த பிறகுதான் பிள்ளை தலையில் கத்தி படலாம். இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் கம்பெனி லீவு தராமல் தாய்மாமன் மைசூரிலேயே கிடந்தான். பிள்ளைக்கு இரட்டை ஜடை போடுகிற அளவுக்கு முடி வளர்ந்துவிட்டது. இந்த முறையும் வராவிட்டால் யாராவது ஒன்றுவிட்ட மாமன் மடியில் உட்கார வைத்துவிடுவோம் என்று தாரணியின் மாமியார் சொல்லிவிட்டாள்.

"நீ வரலைன்னா, அண்ணா, இந்த வீட்டுல இனி நான் தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேச முடியாது," என்றாள் தாரணி போனில். "பன்னெண்டு மணி வரைக்கும்தான் நல்ல நேரம். பஸ்ல தூங்கி கீங்கிடாதே."

அதற்கு மறுநாள் இரண்டாவது அறிவிப்பு வந்தது. விடுமுறை நாளன்று காலை ஏழு மணிக்கு எல்லோரும் கட்டாயம் கம்பெனிக்கு வந்து மக்களாட்சி விழாவில் கலந்துகொள்ள வேண்டும்; வராதவர்களுக்கு ஒரு நாள் லீவு கழிக்கப்படும். லீவு நாளில் லீவு எடுத்தால் லீவு கழியும் என்கிற இந்தச் சட்டத்தை எந்த அரண்மனையும் யோசித்திருக்காது. யோசித்தவர் எச்.ஆர். மேனேஜர் பிரசாந்த்.

கவின்ராஜ் அவர் முன்னால் போய்க் கைகட்டி நின்று மொட்டை விஷயத்தைச் சொன்னான்.

"என்ன குரு நீனு, ஜனநாயகத்துக்காக ஒரு நாள் தர மாட்டியா?" என்றார் பிரசாந்த், கன்னடம் கலந்த தமிழில். "விழாவுல போடுற 'மைசூர் சலோ' நாடகத்துல போராளி ஒருத்தர் கம்மி. நீ சேர்ந்துக்கோ. டயலாக் எல்லாம் பேடா, வேண்டாம். சும்மா கைதானா போதும்."

கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று போய்ச் சேர்ந்தான்.

விழா நாளில் கவின்ராஜோடு சேர்த்து இருபத்திரண்டு பேர் வெள்ளைக் குல்லாய் போட்டு நின்றார்கள். பிரசாந்த் வாடகைக்கு எடுத்த பழைய காலத்துப் போலீஸ் அதிகாரி உடுப்பில், ஒட்டுமீசையோடு மேடையேறினார். உடுப்பில் பை இல்லாததால் போனை ஆபீசிலேயே வைத்துவிட்டார். "இன்னைக்கு இங்க மேனேஜரும் இல்ல, தொழிலாளியும் இல்ல. மெஜாரிட்டி சொல்றதுதான் சட்டம்," என்று முழங்கினார். நுணலும் தன் வாயால் கெடும்.

ஊர்வலம் நடந்தது, கைதும் நடந்தது. கைதானவர்களைக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி, வளாகத்தை ஒரு சுற்று சுற்றிவந்து இறக்க வேண்டும். பிறகு உறுதிமொழி, வருகைப் பதிவு, சொற்பொழிவு. போட்டோவுக்காகப் பிரசாந்தும் படியில் தொற்றிக்கொண்டார். மணி ஏழே முக்கால். கவின்ராஜுக்குத் தங்கை முகம் கண்ணுக்குள் வந்து நின்றது. அடக்க முடியாமல் அழுதுவிட்டான்.

டிரைவர் சித்தையன் கண்ணாடியில் பார்த்தார். அவருக்குச் சொந்த ஊர் ஹனூர். "ஏனுங்க தம்பி, நாடகத்துல கைதானதுக்கு நெசமாவே அழுகறீங்க?"

கவின்ராஜ் சொன்னான். முன்சீட்டுக்காரர்கள் அதைப் பின்சீட்டுக்கும் சொன்னார்கள்.

"இப்பக் கேட்டைத் தாண்டுனா நாலு மணி நேரத்துல மலையப் புடிச்சரலாமுங்க," என்றார் சித்தையன். "ஆனா நானாச் செய்யக் கூடாதுங்களே. மெஜாரிட்டி சொல்லோணும்."

இருபத்திரண்டு கைகள் உயர்ந்தன.

"ஏய், இது நாடகம்ப்பா. வண்டியத் திருப்பு," என்றார் பிரசாந்த்.

"எதிர் ஓட்டு ஒண்ணுங்க," என்று கியரை மாற்றினார் சித்தையன். "டிரைவருக்கு ஓட்டில்லீங்க."

நரசீபுரம் வரை பிரசாந்த் எல்லோரையும் வேலையைவிட்டு நீக்கினார். கொள்ளேகாலில் இட்லி சாப்பிட்டதும் பாதிப் பேரைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் நின்ற காவலர், இது எந்த இலாகா உடுப்பு என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். கம்பெனியில் பிரசாந்துக்கு யாரும் அப்படி வைத்ததில்லை. அவரும் பதிலுக்கு ஒன்று வைத்தார். அதன் பிறகு, "பன்னெண்டுக்குள்ள போயிருவோமில்ல?" என்று அவரே சித்தையனை விரட்டத் தொடங்கினார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இறங்கி ஓடினார்கள். மொட்டை போடும் இடத்தில் ஒன்றுவிட்ட மாமன் மடியில் துண்டை விரித்துத் தயாராக உட்கார்ந்திருந்தான். கத்தி நனைந்துவிட்டது. தாரணி மட்டும் பிள்ளையைத் தன் மடியில் இறுக்கி, அதன் தலையை முந்தானையால் மூடி, நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரமாக அப்படியே இருக்கிறாளாம்.

"எங்கண்ணன் வர்ற வரைக்கும் இந்தத் தலைமேல யாரும் கை வைக்கக் கூடாது," என்றாள்.

அந்நேரம் பார்த்து ஓர் அதிகாரியும் அவர் பின்னால் குல்லாய்ப் படையும் மூச்சிரைக்க வந்து நின்றார்கள். மாமியார் வெலவெலத்து எழுந்தாள். "ஏ அம்மிணி, இதுக்குப் போய்ப் போலீசக் கூப்புடுவாங்களா?"

கவின்ராஜ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்த் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து மடியைக் காட்டினான். அவள் பிள்ளையைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். கத்தி தலையில் பட்டது. பிள்ளை ஒட்டுமீசையைப் பார்த்துத்தான் வீறிட்டு அழுதது.

"இத்தன பேரும் ஆருங்க?" என்று மாமியார் மெதுவாகக் கேட்டாள்.

தாரணி ஒவ்வொரு குல்லாயாகப் பார்த்தாள். படியோரம் மூச்சு வாங்கி நின்ற சித்தையனைப் பார்த்தாள். மீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்கிய பிரசாந்தையும் பார்த்தாள்.

"எம் பொறந்த வீட்டு சனங்க, அத்தை," என்றாள். "எல்லாருக்கும் எலை போடச் சொல்லுங்க."