ஆறாம் ஸ்தலம்

வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கோயிலுக்குச் சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலப் படங்கள் வரைய ஒப்புக்கொண்டபோதே யூஜினா ஒரு முகத்தை முடிவு செய்துவிட்டாள். பதினோராம் ஸ்தலத்தில் இயேசுவின் கையில் ஆணி அடிக்கும் சேவகனுக்கு அமிர்தநாதனின் முகம்.

அமிர்தநாதன் முன்பு தோட்டத்து வேலையாட்களை மேய்த்த கண்டாக்கு. இப்போது கோயில் சபைத் தலைவர். கொழுந்தில் முற்றல் இலை கலந்ததென்று அவளுடைய அம்மா இராசம்மாவைப் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் முன்னால் முழந்தாளிட வைத்தவர். பள்ளிக்கூடம் போகும் வழியில் நின்று யூஜினா அதைப் பார்த்தாள். அம்மா அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. பேசாததெல்லாம் மகளுக்குள் புளித்துக் கிடந்தது.

அந்த மூக்கை, அந்தத் தடித்த கீழுதட்டை ஆசை ஆசையாக வரைந்தாள். காதலித்தவனைக்கூட அவள் மனதுக்குள் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

மாட்டி முடித்ததும், வேறு யாரும் பார்க்குமுன் அம்மாவை அழைத்துப் போனாள். இராசம்மா ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் வழக்கம்போல முழந்தாளிட்டு, சிலுவை போட்டு எழுந்தாள். பதினோராவதிலும் முழந்தாளிட்டாள்.

யூஜினா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரிங்கம்மா! அது யாருன்னு தெரியலையா?"

"ஏன் தெரியாம? கண்டாக்கையா மூக்கு. அப்படியே உரிச்சு வச்சிருக்க."

"தெரிஞ்சுமா முட்டி போடுறீங்க?"

"நான் ஆண்டவருக்குப் போடுறேன் புள்ள. அந்தாளக் கொண்டாந்து பக்கத்துல நிக்க வச்சது நீதான?"

ஸ்தலத்துக்கு ஸ்தலம் சனம் முழந்தாளிடும். விவரம் தெரிந்த நாளிலிருந்து யூஜினாவும் முழந்தாளிட்டவள்தான். வரையும்போது மட்டும் அது மறந்துபோயிருந்தது. அந்த மனிதனின் முகத்துக்கு முன்னால் அம்மாவை மறுபடியும் மண்டியிட வைத்தது தன் கைதான்.

மறுநாள் சேவகனின் முகத்தை அழித்து முதுகைக் காட்டி நிற்கவைத்தாள். பிறகு ஆறாம் ஸ்தலத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். இயேசுவின் முகத்தைத் துடைக்கும் வெரோணிக்காவின் இடுப்பில் கொழுந்துக்காரியின் படங்குச் சாக்கைக் கட்டினாள். நெற்றியில் கூடைக் கயிற்றின் தழும்பை வைத்தாள். முகத்துக்கு யாரையும் பார்த்து வரையவேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை தொடங்குமுன்தான் அதைத் திரும்ப மாட்டினாள். அமிர்தநாதன் முன்னால் நின்று செபம் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறாம் ஸ்தலத்தில் படத்தை ஏறிட்டவர் செபத்தைப் பாதியில் விட்டார். பின்னால் சனம் முழுதும் முழந்தாளிட்டுவிட்டது. அவர் மட்டும் நின்றார்.

"நம்ம இராசம்மாக்கால்ல!" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

"ஐயா, முட்டி போடுங்க. மறைக்குது" என்றாள் பின்னாலிருந்த கொழுந்துக்காரி ஜொய்சி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அவர் திரும்பி யூஜினாவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை. அவருடைய முழங்கால்கள் மெல்ல மடிந்து சிமெந்துத் தரையைத் தொட்டன. இனித் தபசுகால வெள்ளிதோறும் இது நடக்கும் என்று நினைத்தாள். நாக்கில் தித்தித்தது.

அம்மா அவள் கையை வலிக்கும்படி கிள்ளினாள். யூஜினா கையை இழுத்துக்கொள்ளவில்லை. செபத்தில் பாவ மன்னிப்புக் கேட்கும் வரி வந்தபோது எல்லோரையும்விட உரக்கச் சொன்னாள்.