எச்சில் பறந்த தூரம்

வாழைக்கன்றுகளுக்கு நடுவே சேற்றில் மண்டியிட்டு இரண்டு கைகளாலும் துழாவிக்கொண்டிருந்தாள் செந்தமிழ்ச்செல்வி. அப்பாவின் பல்செட் அங்கேதான் எங்கோ கிடக்க வேண்டும். கோமுகி அணைப் பக்கமிருந்து வந்த பனி வடக்கனந்தலை மூடியிருந்தது. கல்வராயன் மலை இருந்த இடத்தில் வெறும் வெண்மை. இதெல்லாம் தூக்கத்தில் நடப்பதாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

ஆதிமூலம் விடியலில் தூக்கத்திலேயே போய்விட்டார். பக்கத்து வீட்டிலிருந்து முதலில் ஓடி வந்தவள் அவருடைய தங்கை அமிர்தம். சாவு விழுந்த வீட்டில் தண்ணீர் தங்கக் கூடாது. அழுதுகொண்டே குடம், குண்டான், சொம்பு எல்லாவற்றையும் கொல்லையில் கவிழ்த்தாள். கட்டிலடி டம்ளரையும் விட்டுவைக்கவில்லை. ராத்திரியில் அண்ணன் கழற்றிப் போடும் பல்செட் அதற்குள் இருந்தது.

"எனக்கு இன்னாடி தெரியும்? கண்ணு முழுக்கத் தண்ணி. டம்ளர்ல இன்னா கெடக்குதுன்னு யாரு பாத்தா?" அமிர்தம் மூக்கைச் சிந்தினாள்.

"வுடு அத்த. நீ அந்தாண்ட பாரு, நான் இந்தாண்ட பாக்கறேன்."

உள்ளேயிருந்து அம்மா சின்னப்பொண்ணு மறுபடி கேட்டாள். "கெடச்சுதா? பால்காரன் வந்தாக்கூட வாயப் பொத்திக்கினு பேசற மனுசன்டி. பொக்க வாயோட ஊரு பாக்க வுட்டுடாத."

செல்வி பல் டாக்டர். செத்த உடம்பில் சீக்கிரமே இறுகிப்போவது தாடை என்று அவளுக்குத் தெரியும். இறுகிவிட்டால் அப்புறம் பல் கிடைத்தும் பிரயோஜனமில்லை.

சேறு விரல்களுக்கிடையே பிதுங்கியது. பனியைப் பார்க்கப் பார்க்க அந்த வெள்ளை அறை நினைவுக்கு வந்தது.

கொரோனா வந்த வருஷம் அவள் மேல்படிப்பில் இருந்தாள். வெள்ளிமலைப் பிள்ளைகளின் பல் கறையை ஆராய்வதாகத் திட்டம். மலைக்கு ஜீப் நின்றது, கல்லூரியும் மூடியது. திறந்தபோது கேள்வியே மாறிப்போயிருந்தது. பல்லை ஆராய்ந்தவர்களெல்லாம் எச்சிலின் பின்னால் ஓடினார்கள். பல் குடையும் கருவி வாய்க்குள் ஓடும்போது எச்சில் எவ்வளவு தூரம் பறக்கிறது, எவ்வளவு நேரம் காற்றில் மிதக்கிறது என்று எல்லா ஊரிலும் அதே பேச்சு. அவளும் அதையே எடுத்துக்கொண்டாள். கருவியின் தண்ணீரில் நீலச் சாயம் கலந்து, அறை முழுக்க வெள்ளைத் தாள்களைத் தொங்கவிட்டு, பிளாஸ்டிக் தலைகளில் ஓட்டிப் பார்த்தாள். பிளாஸ்டிக் தலைக்கு எச்சில் ஊறாது. உயிருள்ள வாய் வேண்டும். மனிதனைக் கண்டு மனிதன் ஒதுங்கிய அந்தக் காலத்தில் யார் வந்து வாயைத் திறப்பார்கள்?

பஸ் விட்டதும் அப்பா வந்தார், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு. நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். தாள்களில் நீலப் பொட்டுகள் மெதுவாக, ஓசையில்லாமல் விழுந்துகொண்டே இருந்தன. அவர் நெற்றி, பனியன், சன்னல் கம்பி எல்லாம் நீலம்.

"எம்மாந்தூரம் போச்சு?" என்று கேட்டார்.

"சன்னல் வரைக்கும்ப்பா."

ஊர் திரும்பி டீக்கடையில், "எம் பொண்ணு படிப்புக்கு எம் எச்சிதான் உதவுச்சு" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தாராம். அந்த ஆராய்ச்சி அவளுக்குப் பேர் வாங்கித் தந்தது. கூடவே எச்சிலின் மேல் ஒரு பயத்தையும் தந்தது. பிறகு சர்க்கரை வியாதி அவருடைய மேல்வரிசையை முழுக்கக் கொண்டுபோக, செட் செய்து மாட்டியவளும் அவள்தான். அப்போதும் இரட்டைக் கையுறை, முகக்கவசம், அதன்மேல் கண்ணாடித் தடுப்பு. ஒரு நாளும் வெறுங்கை அப்பாவின் வாயில் பட்டதில்லை. அவர் அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை.

"இந்தா, இங்க கெடக்குது பாரு." அமிர்தம் வாழைச்சருகுக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டினாள்.

செல்வி குழாயடியில் தேய்த்துக் கழுவிக்கொண்டு உள்ளே ஓடினாள். கைப்பையில் கையுறை இருந்தது. எடுக்கத் தோன்றவில்லை. தாடையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, தாடையை விரலால் கீழே தள்ளினாள். கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு இடம் கொடுத்தது. உள்ளே இன்னும் மிச்சச் சூடு.

பல்செட்டை வைத்தாள். நழுவியது. தண்ணீரில் நனைத்து வைத்தாள். மறுபடி நழுவி, உதட்டைக் கோணலாகத் தூக்கிக்கொண்டு நின்றது. மேல்செட்டை ஒட்டிப் பிடித்து வைப்பது எச்சில்தான். அப்பாவின் வாய் காய்ந்து கிடந்தது.

வாசலில் செருப்புகள் கழலும் சத்தம். சின்னப்பொண்ணு மகளின் தோளைப் பிடித்தாள். "செல்வி, ஜனம் வந்துட்டாங்கடி."

செல்வி பல்செட்டைத் தன் வாய்க்குள் போட்டுக்கொண்டாள்.

செல்வி கண்ணை மூடி, நாக்கால் அதன் பள்ளம் முழுவதையும் நிதானமாக ஈரமாக்கினாள். சேற்று வாசம் இன்னும் போகவில்லை. எடுத்து, அப்பாவின் வாயில் பொருத்தி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தாள். கையை எடுத்த பிறகும் அது நின்றது. மேலுதடு நிரம்பியது, கன்னம் எழுந்தது. தெரிந்த முகம் திரும்பி வந்தது.

சின்னப்பொண்ணு தாடையை மறுபடி கட்டினாள். புருஷனின் உதட்டோரத்தில் ஈரம் மினுங்கியது. முந்தானையால் அதைத் துடைக்கப் போனவள், அப்படியே விட்டுவிட்டு, மகளின் வாயைத் துடைத்துவிட்டாள்.